கிருமியை மட்டும் கொல்லும் மருந்து

பென்சிலின் என்ற பெயரைக் கேளாத இல்லம் நம் காலனியில் இராது. உடலுட் புகும் அம்மருந்து கிருமியை மாய்க்கிறது; உடலை விட்டுவிடுகிறது. பகைவனை மட்டும் அது எங்ஙனம் பிரித்தறிகிறது? இதற்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டின் பூலோன் நகரில் பணியாற்றிய டாக்டர் அலெக்சாண்டர் பிளெமிங், புண்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள் கிருமிகளினும் இரத்த வெள்ளையணுக்களையே விரைந்து கொல்வதைக் கண்டார். காவற்காரனைக் கொன்று கள்வனைத் தப்பவிடும் மருந்தால் யாது பயன்?

1928-இல் இலண்டன் மாநகரில் அவர் கிருமி வளர்த்த தட்டொன்றில் பூசணம் பூத்தது. அதனைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்துபோயின. பூசணம் பூத்த தட்டைக் கழுவிவிடுவதே எவரும் செய்வது; அவரோ உற்று நோக்கினார். அப்பூசணச் சாறு வெள்ளையணுக்களுக்குத் தீங்கிழைக்கவில்லை என்று 1929-இல் எழுதினார். எனினும் மருந்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை.

அப்பணியை ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் மேற்கொண்டனர். 1940 மே 25 அன்று எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றி, நான்கிற்கு மட்டும் மருந்தளித்தனர். மறுநாட் காலையில் மருந்து பெறாத நான்கும் மாண்டு கிடந்தன. 1941 பிப்ரவரியில், முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணையும் இழந்திருந்த போலீஸ்காரர் ஒருவருக்கு அதனைச் செலுத்தினர். காய்ச்சல் தணிந்தது, உணவு கொண்டார். ஐந்தே நாளில் கையிருப்புத் தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து கூட மருந்தை மீட்டு மீண்டும் ஏற்றினர். அதுவும் போதாமல் மார்ச் 15 அன்று அவர் உயிர்நீத்தார். அம்மருந்து பின்னர் உலகெங்கும் பெருகியது. நம் நாட்டிலும் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் 1954-இல் அரசாங்கத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது.

கொல்லும் விதம் 1957-க்கும் 1965-க்கும் இடையே ஸ்ட்ராமிங்கர் முதலியோரின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பாக்டீரியாக் கிருமி தன்னைச் சுற்றி வலிய சுவரொன்றை எழுப்பிக்கொள்கிறது. ரயில்வேக்காரராகிய நமக்கு முன்னாளைய நீராவி எஞ்சினின் கொதிகலனே தக்க உவமை. உள்ளழுத்தத்தைத் தாங்குவது அதன் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள் அல்லவா? கிருமிச் சுவரின் இழைகளைப் பிணைப்பது ஒரு நொதி. அதனைப் பென்சிலின் முடக்கிவிடுகிறது. வளரும் கிருமியின் சுவர் நெகிழ்கிறது. நீர் உட்புகுந்து அது வெடித்து அழிகிறது. மனித உயிரணுவுக்கோ அத்தகைய சுவரே கிடையாது. இல்லாத மதிலை இடிப்பது எப்படி? ஜலதோஷம் தரும் வைரசுக்கும் அச்சுவர் இல்லை. ஆதலால் அங்கே பென்சிலின் பயன்படுவதில்லை.

கிருமியும் வாளாவிருக்கவில்லை. பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சில கிருமிகள் உண்டாக்குவதை ஆபிரகாமும் செயினும் 1940-லேயே கண்டனர். அந்தப் போலீஸ்காரருக்கு முதல் ஊசி போடுமுன்பே அது அச்சேறியிருந்தது.