வறுத்த பயறும் விட்டுப்போன பழக்கமும்

திருப்புட்குழி ஜடாயு தீர்த்தக் கரைப் பக்கம் காலையில் என்னோடு நடப்பவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். டாக்டர் சொன்ன பிறகு நடக்க ஆரம்பித்தவர்கள். நானும் அப்படித்தான். இருபது வயதில் தினமும் காஞ்சிபுரத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவன், கபடி ஆடியவன். வேலை கிடைத்தது, பஸ்ஸில் போனேன். பிறகு ஸ்கூட்டர் வாங்கினேன். 52 வயதில் சர்க்கரை வந்தது. 'சின்ன வயதில் ஆடிய உடம்பு, தாங்கும்' என்று அதுவரை நம்பியிருந்தேன்.

நமக்கு உடற்பயிற்சி அறிமுகமானது டிரில் மாஸ்டர் மூலம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுதான். அங்கே படித்தவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். பள்ளியை விட்டதும் அதையும் விட்டோம்.

விட்டால் என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறுகிறார். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். நம் ஊர்க் குழித்தறியிலும் நெசவாளர் உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனால் காலும் கையும் ஓயாது. நான் பார்த்த ஆபீஸ் வேலை அந்த டிரைவரின் சீட்டு மாதிரி.

இதில் ஒரு சந்தேகமும் எழுந்தது. பருமனானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? மாரிஸ் கம்பெனி கொடுத்த சீருடைகளின் அளவைப் பார்த்தார். இளம் வயதிலேயே டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு அளவு பெரிதாக இருந்தது! அதை மறைக்காமல் 1956-ல் அவரே எழுதினார். ஆக, வேலையா உடம்புவாகா என்ற கேள்வி நின்றது.

அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபென்பார்கர் வேறு வழியில் போனார். ஹார்வர்டில் 1916 முதல் 1950 வரை சேர்ந்த பழைய மாணவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார். எவ்வளவு நடக்கிறீர்கள், எத்தனை படி ஏறுகிறீர்கள், என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். 16,936 பேரின் விவரத்தை வைத்து 1978-ல் அவர் வெளியிட்ட முடிவுதான் என்னை உறைய வைத்தது. கல்லூரி அணியில் ஆடியவர்களானாலும், பின்னாளில் உடலுழைப்பைத் தொடர்ந்தவர்களுக்கு மட்டுமே இதயத்துக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆடிவிட்டு விட்டவர்களுக்குப் பழைய ஆட்டம் உதவவில்லை. கல்லூரியில் ஆடாமல் பிறகு பழகிக்கொண்டவர்களுக்கோ நன்மை கிடைத்தது. இளமையில் செய்தது பேங்க் டெபாசிட் இல்லை, ஐயா; அன்றன்றைக்குச் சமைத்த சோறு.

என் பேரனுக்கு 23 வயது. கல்லூரிக் கபடி அணியில் இருந்தவன். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை. வாசலிலேயே கம்பெனி பஸ். "ஆட்டத்தை ஏன்டா விட்டே?" என்றேன். "காலேஜ் டீம்ல ஆடின உடம்பு தாத்தா, தாங்கும்" என்றான். என் வார்த்தை அப்படியே திரும்பி வந்தது. திட்டவில்லை. இந்தக் கதையைச் சொன்னேன். பெரிய மைதானம் வேண்டாம், ஷூவும் வேண்டாம். வேலையோடு ஒட்டிப்போகிற ஏதாவது ஒன்று போதும் என்றேன். பஸ் நிற்கும் இடத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டால்கூடச் சரி.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஃபென்பார்கர் ஓட ஆரம்பித்ததே 45 வயதை ஒட்டித்தான். பிறகு நூற்றுக்கு மேல் மாரத்தான் ஓடினார். வறுத்த பயறையும் முளைக்க வைப்பவள் என்று நம் மரகதவல்லித் தாயாரைச் சொல்வது ஐதீகம். பேரன் இரண்டு வாரமாக ஞாயிறு காலையில் என்னோடு குளக்கரைக்கு வருகிறான். மற்ற ஆறு நாளுக்குத்தான் இனி வழி பார்க்க வேண்டும்.