கரியில்லாத இஸ்திரி வண்டி

மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி காப்புரிமை வாங்கியது 1882-இல். நம் தெருமுனை வண்டியில் இன்றும் கரிதான் கனன்றுகொண்டிருக்கிறது. நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் புதிய கருவி பழையதை அசைக்க முடியவில்லை என்றால், கோளாறு கருவியில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அந்த இடத்தைச் சரியாகத் தொட்டவர், திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி.

2019-இல் வினிஷா உமாசங்கருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில், இஸ்திரிக்காரர் ஒருவர் அன்றைய வேலை முடிந்து எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறார். தினமும் எல்லோர் கண்ணிலும் படுகிற காட்சிதான். மற்றவர்கள் துணியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்; இவர் கணக்குப் போடத் தொடங்கினார். தன் குடியிருப்பைச் சுற்றி மட்டும் ஆறு வண்டிகள். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ கரி. நாடு முழுக்க ஒரு கோடி வண்டிகள் இருக்கலாம் என்பது அவர் சொல்லிவரும் மதிப்பீடு.

இஸ்திரிக்காரரின் நாள் துணியோடு தொடங்குவதில்லை, கரியோடு தொடங்குகிறது. பெட்டியைத் திறந்து கரியை அடுக்கி, பற்றவைத்து, விசிறி விசிறி, புகை அடங்கிக் கங்கு சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பிறகு ஐந்தாறு கிலோ எடையுள்ள பெட்டியை நாள் முழுக்கத் தள்ள வேண்டும். சூட்டுக்கு அளவுமானி ஏதும் இல்லை. ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுத்து எழும் ஓசையைக் கேட்டே சூட்டை அறிகிறார்கள். ஒரு பொறி தெறித்தால் வெள்ளைச் சட்டையில் பொத்தல். அதற்கு ஈடு கட்டுவது அவர் பாடு. சாம்பல், கரிப்புகை, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு எல்லாம் முகத்துக்கு நேரே எழுகின்றன. சித்திரை வெயிலில் இந்த வேலையைப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

சரி, கரண்ட் பெட்டி வாங்கிக்கொள்ளக் கூடாதா? வாங்கலாம், சொருகுவதற்கு இடம் எங்கே? இதே மாவட்டத்தில், ஆரணிக்கும் போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே இருக்கிற தேவிகாபுரத்தைப் பாருங்கள். பெரியநாயகி அம்மன் கோயிலும் கனககிரி மலையும் ஒருபுறம் இருக்க, ஊரை நிறுத்தி வைத்திருப்பது பட்டுத் தறி. தறி வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு மின் இணைப்பு இருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை அரசு இலவசமாகவே தருகிறது. தறிக்குழிக்கு மேல் ஒரு விளக்கு தொங்கவிடுவதோ, சேலையில் பூ வேலைப்பாடு போடும் ஜக்கார்டு பெட்டியைத் தூக்க ஒரு மோட்டார் வைப்பதோ அங்கே நடக்கக்கூடிய காரியம். அந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடையைத் தேய்த்துத் தருகிறவருக்கோ முகவரி ஒரு மரத்தடி. மரத்தடிக்கு யார் மீட்டர் தருவார்கள்? பக்கத்துக் கடைக்காரர் மனது வைத்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தால் உண்டு. கரி நீடித்ததற்குக் காரணம் அதன் மலிவு மட்டும் அல்ல. எங்கு வேண்டுமானாலும் தூக்கிப் போகக்கூடிய நெருப்பாக வெகுகாலம் இருந்தது அது ஒன்றுதான்.

வினிஷாவின் வண்டியில் தனித்தனியாகப் பார்த்தால் புதிய பொருள் ஒன்றுமே இல்லை. சூரியத் தகடு பழையது, பேட்டரி பழையது, நீராவி இஸ்திரிப் பெட்டி கடையில் கிடைப்பது, மிதிவண்டி தாத்தா காலத்தது. இணைப்பைத் தேடி வண்டி போக முடியாது, ஆகவே இணைப்பையே வண்டியின் கூரையில் ஏற்றிவிடலாம் என்றதுதான் கண்டுபிடிப்பு. இதற்காகக் கல்லூரிப் பாடப்புத்தகங்களைப் புரட்டிச் சூரியத் தகடு வேலை செய்யும் விதத்தைப் படித்தார். கூரையில் தகடு, அடியில் பேட்டரி, முன்னே மிதிவண்டி. ஐந்து மணி நேர நல்ல வெயில், ஆறு மணி நேரத் தேய்ப்புக்குப் போதும் என்று கணக்கிட்டார். ‘அயர்ன் மேக்ஸ்’ என்று பெயரிட்டார். செல்போன் சார்ஜ் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கவும் வண்டியில் வசதி வைத்தார்.

இந்தக் கணக்கு எனக்கு முதலில் நம்பும்படி இல்லை. வெயிலிலிருந்து வெளிச்சம் எடுப்பது எளிது, சூடு எடுக்க மின்சாரம் கொள்ளை கொள்ளையாக வேண்டும். இஸ்திரிப் பெட்டி 750 முதல் 1,000 வாட் வரை இழுக்கும். ஆனால் அது தொடர்ந்து இழுப்பதில்லை. சூடு ஏறியதும் தானே நின்று, ஆறியதும் தானே எழும். சராசரி 400 வாட் என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு 2.4 யூனிட். வழியில் கொஞ்சம் வீணாவதைச் சேர்த்தாலும் 500, 600 வாட் தகடு ஐந்து மணி நேர வெயிலில் தந்துவிடும். இரண்டரை, மூன்று சதுர மீட்டர் கூரை. ஒரு இஸ்திரி வண்டியின் கூரை அவ்வளவுதான் இருக்கும்! இதையே கரியில் பார்த்தால் வேடிக்கை: ஒரு கிலோ கரிக்குள் ஏறத்தாழ எட்டு யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது, ஐந்து கிலோவுக்கு நாற்பது. துணிக்குத் தேவைப்படுவது மூன்று யூனிட்டுக்குள். மிச்சமெல்லாம் தெருவுக்கும் தேய்க்கிறவர் உடம்புக்கும்.

சிக்கல்களும் உண்டு. இஸ்திரிக்காரர் வேப்பமரத்தையும் புங்கமரத்தையும் தேடி நிற்பது நிழலுக்காக. தகட்டுக்கோ வெயில் வேண்டும். மரத்தை விட்டு வெளியே வந்து, தகட்டின் நிழலில் நின்று தேய்க்கப் பழக வேண்டும். அடுத்தது மழை. ஊருக்கே துணி தேய்க்கிற தீபாவளி, நமக்கு வடகிழக்குப் பருவமழையோடுதான் வருகிறது. வானம் மூடிக்கொண்டால் வீட்டு மின்சாரத்திலோ ஜெனரேட்டரிலோ பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம் என்று வடிவமைப்பிலேயே வழி வைத்திருக்கிறார். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனாலும் ஐப்பசி மாதத்தைத் தாண்டிக் காட்டுவதுதான் இந்த வண்டிக்கு உண்மையான பரீட்சை.

காகிதத்தில் இருந்ததை வண்டியாக்க உதவியது குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை. அப்துல் கலாம் பெயரில் பள்ளிப் பிள்ளைகளின் யோசனைகளுக்கு அது தரும் இக்னைட் விருது வழியாக இந்த யோசனை அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 2020-இல் சுவீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு. 2021-இல் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடை. பெரியவர்கள் பேசியது போதும், செய்யுங்கள் என்ற பொருளில் அந்த மேடையில் பேசினார். எர்த்ஷாட்டில் காற்றுத் தூய்மைப் பிரிவில் வென்றது இன்னொரு இந்திய முயற்சி, வித்யுத் மோகனின் டகாச்சார். வயலில் கொளுத்தப்படும் பயிர்க்கழிவை எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் எந்திரம் அது. ஒருவர் எரிபொருளை ஒழிக்கப் பார்க்க, மற்றவர் கழிவிலிருந்து எரிபொருள் செய்ததற்குப் பரிசு போயிற்று. இரண்டும் சரியே.

கரிக்காக மரம் வெட்டுகிறார்கள் என்பது இந்த வண்டிக்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் அது முழுதாகப் பொருந்தாது. இங்கே கரிமூட்டம் போடுவது பெரும்பாலும் சீமைக் கருவேலத்தில். அதை வெட்டுங்கள் என்று நீதிமன்றம் வரை போனவர்கள் நாம். ஆகவே மரத்துக்காக வாதாடுவதைவிட, நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதருக்காக வாதாடுவதே நம் ஊரில் வலுவான வாதம்.

அந்த வாதத்தைப் பாதி வென்றுவிட்ட போட்டியாளர் ஒருவர் இருக்கிறார்: சமையல் எரிவாயு. சிறிய சிலிண்டரில் ஓடும் இஸ்திரிப் பெட்டி பல ஊர்களில் வந்துவிட்டது. தமிழக அரசும் முன்பு கொடுத்த பித்தளைப் பெட்டிக்குப் பதிலாக எரிவாயுப் பெட்டி கொடுக்கிறது. விசிற வேண்டாம், சாம்பல் இல்லை, மழையிலும் எரியும். விலையும் கைக்கு எட்டும். சூரிய வண்டிக்கு அப்படியல்ல. முதல் நாளே மொத்தமாகப் பணம் போட வேண்டும், மிச்சம் பிடிப்பது பின்னால்தான். தினக் கூலிக்காரருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆரணி வட்டாரத்து நெசவாளருக்கும் இதே தடை இருந்தது. ஜக்கார்டு பெட்டியும் புது விளக்கும் கைக்காசில் வாங்கி மாளாது. அங்கே கூட்டுறவுச் சங்கம் இருந்தது. மத்திய அரசின் கைத்தறித் திட்டம் ஒன்றில் இத்தகைய கருவிகளின் விலையில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. நெசவாளர் பத்து சதவீதம் போட்டால் போதும். இஸ்திரிக்காரருக்குச் சங்கம் என்று சொல்லிக்கொள்ள பெரும்பாலான ஊர்களில் ஒன்றும் இல்லை. சூரிய வண்டிக்கு வேண்டியது இன்னொரு விருது அல்ல, இந்தப் பத்து சதவீத ஏற்பாடுதான் என்பது என் எண்ணம்.

அது வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் துணி வெளுத்தல், தேய்த்தலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். உங்கள் சட்டையைத் தேய்த்துத் தருபவரிடம் இதைச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் நீங்களே நிரப்பிக் கொடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் மேல்விவரம் சொல்வார்கள்.