மியூசியத்தில் ராத்திரியும் ஏசி ஓடுவது ஏன்? கரண்ட்டை மிச்சப்படுத்த என்ன வழி?

பெரிய அருங்காட்சியகங்களில் கதவைப் பூட்டிய பிறகும் ஏசி ஓடும். ஆட்களுக்காக இல்லை, பொருட்களுக்காக!

ஏசி எதற்கு?

காற்றில் ஈரப்பதம் ஏறினால் மரம் உப்பும். இறங்கினால் சுருங்கி விரிசல் விடும். ஓவியத்தில் பெயின்ட் உரியும். அதனால் பல மியூசியங்கள் சுமார் 20 டிகிரி செல்சியஸ், 50% ஈரப்பதம் என்ற அளவை விட்டு நகராமல் இருந்தன. இதற்கே ஏகப்பட்ட மின்சாரம் செலவானது.

இப்போது என்ன மாற்றம்?

உலகின் முன்னணி அருங்காட்சியக இயக்குநர்கள் அடங்கிய பிசோ குழு இந்த அளவைத் தளர்த்தியது. பெரும்பாலான பொருட்களுக்கு 16-25 டிகிரி, 40-60% ஈரப்பதம் போதும் என்கிறது. ஆனால் 24 மணி நேரத்தில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. திடீர் மாற்றம்தான் ஆபத்து.

எல்லாப் பொருளுக்கும் இது சரியா?

இல்லை. சீக்கிரம் பாதிக்கப்படும் பொருட்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை. அதற்காக மொத்தக் கட்டடத்தையும் குளிர வைக்க வேண்டாம். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்தாலே ஈரப்பதம் சீராக இருக்கும்.

வேறு வழிகள்?

- ஹாலோஜனுக்குப் பதில் எல்இடி விளக்கு: சூடு குறைவு, ஏசிக்கும் வேலை மிச்சம்.
- வெளியூர்க் கண்காட்சிக்குப் பொருட்களை அனுப்பும் மரப்பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் மறுபடி பயன்படுத்தலாம்.
- பொருளோடு ஓர் அதிகாரி விமானத்தில் போவதற்குப் பதில், பெட்டி திறப்பதை வீடியோ காலில் கண்காணிக்கலாம்.