வெறுங்கழுத்துத் தங்கச்சி

மரபியல் பாடம் நடத்தும் நாளில் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லாம்! தொல்காப்பியத்தின் கணக்கு எளியது. காழ், அதாவது வைரம், வெளிப்புறத்தில் இருந்தால் புல். உள்ளே இருந்தால் மரம். பனங்கட்டையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது.

அதே நூலின் செய்யுளியல் பிசியைப் பற்றியும் பேசுகிறது. பிசி என்றால் விடுகதை. உவமையால் மறைத்துக் கேட்பது ஒரு வகை; கண்ணுக்குத் தோன்றும் அடையாளங்களைச் சொல்லிக் கேட்பது இன்னொரு வகை. இரண்டு பாடங்களையும் சேர்த்து ஒரு பருவத்தில் என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைத்திருப்பதில் ஒன்றைப் பிடுங்கி வாருங்கள். பெயர் சொல்லாமல் விடுகதையாகக் கட்டிக் கேளுங்கள்.

“நடக்க நடக்கக் கால் முளைக்கும், அது என்ன?” அறுகு. தரையில் ஓடும் அதன் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும்.

“மூணு சுவர் வீடு, உள்ளே போக வாசல் இல்லை, கூரைக்கு மேலே குடை.” கோரை. புல்லின் தாள் பெரும்பாலும் உருண்டையாக, கணுக்களுக்கு நடுவே கூடாக இருக்கும். கோரைத்தாளை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். உள்ளே தக்கை நிறைந்திருக்கும்; தாளில் கணு இருக்காது.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி தயங்கி எழுந்தாள். “அக்காளும் தங்கச்சியும் ஒரே உயரம், ஒரே பச்சைச் சேலை. அக்கா கழுத்தில் அட்டிகை. தங்கச்சிக்கு வெறுங்கழுத்து.”

யாருக்கும் விடை தெரியவில்லை, எனக்கும்தான். அக்கா நெல், தங்கச்சி நெல்வயலில் நெல்லைப் போலவே நிற்கும் களைப்புல். இலை தாளைவிட்டு விரியும் இடத்தில் நெல்லுக்கு வெண்மையான மெல்லிய சவ்வு உண்டு. எக்கைனோகுளோவா என்று அறிவியல் பெயரிட்ட அந்தக் களைக்கு அது கிடையாது. கதிர் வருவதற்கு முன் இரண்டையும் பிரித்தறிய வேளாண் கல்லூரிகளில் படிக்கும் அடையாளமும் இதுவே.

“யாரும்மா சொல்லிக்கொடுத்தது?”

“அம்மா களையெடுக்கப் போவாங்க மேம். லீவுல நானும் போவேன்.” இரண்டு ஆண்டுகளில் அம்மாவின் வேலையைப் பற்றி வகுப்பில் அவள் வாய் திறந்தது அன்றுதான்.

அந்தத் தங்கச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிவதைக் கை பிடுங்கிவிடும். நெல்லின் சாயலில் நிமிர்ந்து நிற்பது கண்ணுக்குத் தப்பி விதை உதிர்க்கும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால் களையே பயிரின் வேடத்துக்கு மாறிவிடும். இந்த வேடத்துக்கு ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் வளரும் களைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு கட்டுரை, அங்கே இந்த மாற்றம் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்கிறது. ஒரு செடியின் உருவத்தையே மாற்றிவிடும் கூர்மை, குனிந்து களையெடுத்தவர்களின் கண்ணுக்கு இருந்திருக்கிறது. நம் வயல்களில் அந்தக் கண்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. கூலிக் கணக்கில் அவர்கள் ‘பெண்ணாள்’. எத்தனை பேர் என்பதோடு சரி.

புல்லை அறிந்தவள் என்று பெயர் பதிவான ஒருத்தியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆக்னஸ் சேஸ் (1869–1963) கல்லூரிப் பட்டம் பெறாதவர். செடிகளைப் படம் வரையும் வேலையில் தொடங்கி, உலகம் மதிக்கும் புல்லியல் அறிஞரானார். பெண் என்பதால் பனாமா ஆய்வுப் பயணத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறைக்கும் போனார். 1922இல் அவர் வெளியிட்ட நூல், புல்லின் உறுப்புகளை ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி விளக்குவது. ஒரு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தபோது அவருக்கு வயது 89.

பருவ முடிவில் விடுகதைகளையெல்லாம் ஒரு நோட்டில் தொகுத்தோம். ஒவ்வொன்றின் கீழும் ‘அடையாளம் சொன்னவர்’ என்று ஒரு வரி விடச் சொன்னேன். பலர் ஆசிரியர் பெயரை, பாடநூலை எழுதினார்கள். அவள் தன் அம்மாவின் பெயரை முதலெழுத்தோடு எழுதி, ஊரையும் வயதையும் குறித்து, ‘தொழில்’ என்ற இடத்தில் சற்று நேரம் பேனாவை நிறுத்தினாள். பிறகு எழுதினாள்: களையெடுப்பு.