சிங்கப்பூர்க் கடைவீடுகளும் கட்டட அனுமதியின் வரலாறும்

சிங்கப்பூரில் பழைய கடைவீடு ஒன்றின் சுவரைத் திறக்கவோ, பின்கட்டை உயர்த்தவோ, கிடங்காக இருந்ததை உணவகமாக மாற்றவோ விரும்புபவர் மூன்று தரப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். தெருவின் தோற்றம் கெடாது என்று நகரத் திட்ட அதிகாரிகளுக்கும், கட்டடம் பாரத்தைத் தாங்கும் என்று கட்டட ஆணையத்துக்கும், ஆபத்து வந்தால் ஆட்கள் வெளியேற வழியுண்டு என்று குடிமைத் தற்காப்புப் படைக்கும் காட்ட வேண்டும். இந்த மூன்று விதிகளும் ஒரே சட்டத்தில் பிறந்தவை அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, வெவ்வேறு காரணங்களுக்காக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அவை ஒன்றோடொன்று பொருந்தி நடக்கத் தொடங்கியது 1980களின் இறுதியில்தான்.

கடைவீட்டில் கீழே வியாபாரம், மேலே குடித்தனம். முகப்பு குறுகலாக இருக்கும். வீடு பின்னோக்கி நெடுந்தொலைவு ஓடும். அண்டை வீட்டாருக்கும் பொதுவான செங்கற்சுவர் இருபுறமும் நிற்க, சுவருக்குச் சுவர் மர உத்தரங்களைப் போட்டு அதன்மேல் பலகைத் தளம் அமைத்தார்கள். உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளமே பெரும்பாலும் வீட்டின் அகலத்தை முடிவு செய்தது. கூரைக்கு வளைவு ஓடு; நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்க ஒரு முற்றம்; சுவருக்குச் சுண்ணாம்புக் காரை. இந்தக் கட்டுமான மரபில் தமிழகத்துக்கும் பங்குண்டு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சிராங்கூன் சாலையில் 1858இல் தொடங்கிய சூளையில் நகருக்குச் செங்கல் சுட்டார்கள். 1861இல் வழிபாடு தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்கு, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த ‘மெட்ராஸ் சுண்ணாம்பை’ப் பூசியவர்களும் அவர்களே.

தெருவின் ஒழுங்கு பற்றிய விதிதான் முதலில் வந்தது. 1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகர்க் குழுவுக்குத் தந்த அறிவுரைகளில், செங்கல்லால் கட்டப்படும் வீடுகளின் முகப்பு ஒரே வகையில் அமைய வேண்டும் என்றும், ஒவ்வொன்றின் முன்னும் வழிப்போக்கர் நடக்கத் தாழ்வாரம் விட வேண்டும் என்றும் குறிப்பிட்டார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க உதவிய இந்த வழியே ‘ஐந்தடி நடைபாதை’ என்று பெயர் பெற்றது. நிலம் சொந்தக்காரருக்கு, நடக்கும் உரிமை ஊருக்கு என்ற இந்த ஏற்பாடு ஓயாத வழக்காகவும் ஆனது. கடைக்காரர்கள் தாழ்வாரத்தில் சரக்கை அடுக்கினார்கள். நடைவியாபாரிகள் கடை விரித்தார்கள். அதை அகற்ற நகராட்சி முனைந்தபோது, 1888 பிப்ரவரியில் கடையடைப்பும் கலவரமும் வெடித்தன. தன் இடத்தைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி அப்போது தெருவில் நின்று விவாதிக்கப்பட்டது.

இதற்குச் சற்று முன்பே வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறும் வழக்கம் வந்துவிட்டது. 1884 முதல் நகராட்சிக்குக் கொடுக்கப்பட்ட கட்டட வரைபடங்கள் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. புதுக் கட்டடம் மட்டுமன்றி, பழைய வீட்டில் செய்த மாற்றங்களும் கூடுதல் கட்டுமானங்களும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. இன்று ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்க முனையும் கட்டடக் கலைஞர் முதலில் தேடுவது இந்தத் தாள்களைத்தான். மறைக்கப்பட்ட முற்றமும் மாற்றப்பட்ட சன்னலும் அவற்றில் தெரியவரும்.

இரண்டாவதாக வந்தது சுகாதாரம். மக்கள்தொகை பெருகப் பெருக, நீண்ட மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். சன்னல் இல்லாத அறைகளில் காசநோய் பரவியது. இதை ஆராய வந்த மருத்துவப் பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் 1907இல் அறிக்கை வெளியிட்டார். முதுகோடு முதுகாக ஒட்டி நின்ற வீடுகளுக்கு நடுவே பின்சந்து திறக்க வேண்டும் என்பது அவருடைய முக்கியப் பரிந்துரை. கழிவை அகற்றவும் காற்று புகவும் அது வழி தரும். வீடுகளின் பின்பகுதியை இடித்தே சந்து போட வேண்டியிருந்ததால், வேலை பல பத்தாண்டுகளுக்கு மெதுவாக நகர்ந்தது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அப்பணியைத் தொடர்ந்தது.

உலகப் போருக்குப் பின் வேறொரு தடை எழுந்தது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காத்தது. ஆனால் பழுதுபார்க்கும் செலவுக்குக்கூட வாடகை காணாத நிலையில் உரிமையாளர்கள் வீடுகளைக் கைவிட்டார்கள். உத்தரத்தைக் கரையான் அரித்தது, கூரை ஒழுகியது. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களை அடுக்குமாடிகளுக்குக் குடியேற்ற, நகர மையத்தில் பல வரிசைக் கடைவீடுகள் இடிக்கப்பட்டன. 1974இல் உருவான நகரச் சீரமைப்பு ஆணையத்தின் தொடக்ககால வேலையும் பழையதை அகற்றிப் புதியது எழுப்புவதாகவே இருந்தது.

பாரம் தாங்கும் வலிமை பற்றிய கண்டிப்பு ஒரு பேரழிவுக்குப் பின் வந்தது. 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகலில், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த லியன் யாக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ என்று அறியப்பட்ட அந்த ஆறுமாடிக் கட்டடம் 1971இல் கட்டப்பட்டது. வங்கி, இரவு விடுதி, தங்கும் விடுதி மூன்றும் அதில் இயங்கின. 17 பேர் மீட்கப்பட்டனர். 33 பேர் இறந்தனர். விரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் இடிபாட்டுக்குள் சுரங்கம் அமைத்துப் பலரை வெளியே கொண்டுவந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்த உண்மை எளிமையானது. வடிவமைத்தபோது உள்ளே வரும் ஆட்கள், பொருள்களின் எடை கணக்கிடப்பட்டது. கான்கிரீட்டும் செங்கல்லுமாக நிற்கும் கட்டடத்தின் சொந்த எடை கணக்கில் சேரவில்லை. வரைபடம் தயாரித்தவர் பொறியாளர் தகுதி இல்லாதவர். அதன்மேல், வங்கியின் பாதுகாப்பறை, கூரையில் குளிர்சாதனக் கருவிகள், முகப்பில் பீங்கான் ஓடுகள் என்று சில ஆண்டுகளில் எடை கூடிக்கொண்டே போனது. முதற்காரணம் வடிவமைப்புப் பிழைதான் என்றாலும், எத்தனை மாற்றங்களை ஒரு கட்டடம் யாருடைய கணக்கும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் அந்த விபத்து வெளிக்காட்டியது. முந்தைய நாளே தூண்களில் விரிசல் கண்டும் கட்டடத்தை யாரும் காலி செய்யவில்லை.

1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொறுப்பை ஆள்மேல் ஏற்றியது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ தொழில்முறைப் பொறியாளரோ ‘தகுதிபெற்றவர்’ என்ற பெயரில் வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். பெரிய கட்டடங்களின் கட்டமைப்புக் கணக்கை, அந்தத் திட்டத்தோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் தாமே போட்டுப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்.

அதே ஆண்டில்தான் கடைவீடுகளைக் காக்கும் சட்ட ஏற்பாடும் முழுமை பெற்றது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைக் காக்கும் திட்டம் 1986இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. தஞ்சோங் பகாரின் நீல் சாலையில் ஒரு கடைவீட்டை நகரச் சீரமைப்பு ஆணையமே எடுத்துப் புதுப்பித்துக் காட்டியது. 1989 ஜூலையில் பத்துப் பகுதிகள் அரசிதழில் இடம்பெற்றன. இன்று பாதுகாக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கும் மேல். முடிந்தவரை பழையதைத் தக்கவை, உணர்ந்து மீட்டமை, கவனத்தோடு பழுதுபார் என்ற மூன்றே கொள்கைகள். லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். பிற்காலத்தில் வளர்ந்த சில வட்டாரங்களில் முன்கட்டைக் காத்துப் பின்னால் புதிதாக எழுப்ப இடமுண்டு.

இந்த விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒரே ஓர் உத்தரமாகக்கூட இருக்கலாம். அதை மாற்றாமல், மறைக்காமல் விட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. வீடாக இருந்த மாடி உணவகமாகும்போது கூட்டத்தின் எடையை அது தாங்குமா என்று பொறியாளர் சோதிப்பார். சுவருக்குள் செருகியிருக்கும் முனை மக்கியிருக்கிறதா என்று தட்டியும் துளைத்தும் பார்ப்பார். தீ பரவாதிருக்க மரத்தைத் தீத்தடுப்புப் பலகையால் மூட வேண்டும் என்பது தீப்பாதுகாப்புத் தரப்பின் எதிர்பார்ப்பு. மூவரும் தனித்தனியே வரைந்தால் ஒருவரின் தீர்வு அடுத்தவருக்குச் சிக்கலாகும். சேர்ந்து வரைந்தால், உத்தரங்களுக்கு நடுவே எஃகுச் சட்டம் மறைந்து பாரத்தைச் சுமக்க, நீர்த்தெளிப்பான்கள் தீயைக் கவனிக்க, மரம் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கலாம். பொதுச்சுவரில் கைவைத்தால் அண்டை வீட்டின் உத்தரமும் கணக்கில் வரும். சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேறாமல் செங்கல்லை அரிக்கும் என்பதால் சுண்ணாம்புக் காரையே நாடப்படுகிறது.

அலுவலக நடைமுறை இந்த ஒருங்கிணைப்பைத் தாமதமாகவே எட்டியது. இணையம்வழி வரைபடம் சமர்ப்பிக்கும் முறை 2000களின் தொடக்கத்தில் வந்தபோதும், ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘கோர்நெட் எக்ஸ்’ முறையில், கட்டடக் கலைஞரும் பொறியாளர்களும் ஒரே முப்பரிமாண மாதிரியில் வேலை செய்து, துறைகளின் கூட்டுப் பதிலைப் பெறுகிறார்கள். வடிவமைப்பு, அஸ்திவாரம், கட்டுமானம் என்பவை அதன் மூன்று கட்டங்கள். சிறு வேலைகளுக்குச் சுருக்கமான வழியும் உண்டு.

வேலை முடிந்ததும், குடியேறத் தற்காலிக அனுமதியும், எல்லா நிபந்தனைகளும் நிறைவேறியபின் நிறைவுச் சான்றிதழும் கிடைக்கும். அதோடு கணக்கு முடிவதில்லை. 1989 சட்டத்தின்படி, வணிகக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும். விரிசல்களோடு, அனுமதியின்றிச் சேர்த்த கட்டுமானங்களையும் கூடியிருக்கும் பாரத்தையும் அவர் அறிக்கையில் குறிக்க வேண்டும்.