சீமெந்தும் வெங்காயமும்: ஒரு தொகுதியின் பாராளுமன்றக் கதை

கொழும்பிலிருந்து வடக்கே வரும் ரெயில் காங்கேசன்துறையோடு நிற்கும். அதற்கு அங்கால கடல்தான். ஸ்டேஷனில் இறங்கினால், பழைய சீமெந்து ஆலையின் கட்டிடங்கள் எலும்புக்கூடு மாதிரி நிற்பது தெரியும். எங்களில் கனபேருக்கு அது ஒரு படமெடுக்கிற இடம். அந்த ஆலை ஓடியதை நாங்கள் ஒருவரும் காணவில்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அது நின்றுபோனது. எங்கட கூட்டத்தில் அதிகம் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

வீடுகளில் இந்த ஆலையைப் பற்றிக் கதைத்தால் இரண்டு பேச்சு வரும். ஒன்று: "அந்தக் காலத்தில எங்களிட்டை எல்லாம் இருந்தது." மற்றது: "சிங்கள அரசாங்கம் எங்களுக்கு ஒண்டும் தரேல்லை." இரண்டும் ஒரே வாயில் வரும். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கமுடியும் என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடியபோது ஒன்று கவனத்துக்கு வந்தது. ஆலை நின்ற காங்கேசன்துறைத் தொகுதியின் பெயர், தமிழர்களின் பாராளுமன்ற வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தொகுதி அது. பிறகு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அ. அமிர்தலிங்கத்தின் தொகுதியும் அதுதான். ஆகவே அந்த ஒரு தொகுதியை வைத்து ஒரு கேள்வியைப் பார்ப்போம். போட்டியா, பாதுகாப்பா? உள்ளூர் உற்பத்தியை இறக்குமதியிடமிருந்து காப்பாற்றுவதா, சந்தையில் விட்டுவிடுவதா? கொழும்பில் இந்த வாதம் நடந்தபோதெல்லாம் வலிகாமத்து மண்ணில் என்ன நடந்தது?

அமைச்சர் ஜி. ஜி.

1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணத்தில் ஜி. ஜி. பொன்னம்பலம், காங்கேசன்துறையில் செல்வநாயகம். அடுத்த வருடம் இரண்டு பெரிய விடயங்கள் நடந்தன. மலையகத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 'ஐம்பதுக்கு ஐம்பது' கேட்ட அதே பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்து கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி அமைச்சரானார். செல்வநாயகம் அந்தப் பாதையில் போக மறுத்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

இந்தப் பிளவு எங்களுக்குப் பாடசாலையிலிருந்தே தெரியும். ஆனால் அமைச்சராக ஜி. ஜி. என்ன செய்தார் என்பதைப் பெரும்பாலும் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்: "சீமெந்து ஆலை கொண்டுவந்தவர்." அந்த வரிக்குள் ஒரு பெரிய பொருளாதார வாதம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் வரத்து குறைந்தபடியால் அரசாங்கம் பல சிறு ஆலைகளைத் தொடங்கியிருந்தது. போர் முடிந்து வெளிநாட்டுச் சாமான் திரும்ப வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை போட்டியில் நிற்க ஏலாமல் மூடப்பட்டன. ஆகவே, "தேயிலை, இறப்பர், தெங்கு இருக்கும்போது இந்த நாட்டுக்கு ஆலை எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு ஒரு நல்ல உதாரணம் கையில் இருந்தது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கைத்தொழில் உற்பத்திப் பொருட்கள் சட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில். வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டுமென்றால், அதே வகை உள்நாட்டுப் பொருளில் குறித்த அளவை வாங்கியாக வேணும். இறக்குமதியை முற்றாகத் தடுக்காமல், உள்ளூர்ப் பொருளுக்கும் ஒரு இடம் பிடித்துக்கொடுக்கிற முறை இது.

அந்தச் சூழலில்தான் 1950இல் காங்கேசன்துறை ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றின் தொடக்கமும் அந்தக் காலத்துத் திட்டங்களில்தான் இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தது தயவில் அல்ல. சீமெந்துக்கு வேண்டிய முதற்பொருள் சுண்ணாம்புக்கல். அது வலிகாமம் வடக்கில் நிலத்துக்குக் கீழே கிடந்தது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்தது. துறைமுகமும் ரெயில் பாதையும் பக்கத்திலேயே இருந்தன.

கடலுக்கு அங்கால என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத் தாழையூத்தில் இந்தியா சீமெந்து நிறுவனத்தின் முதலாவது ஆலை 1949இல் தொடங்கியது. அதுவும் சுண்ணாம்புக்கல்லை நம்பிய ஆலைதான். அது தனியார், இது அரசு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது.

1951இல் வந்த உலக வங்கிக் குழு இலங்கையின் அரச ஆலைகளைக் கடுமையாக விமர்சித்தது. திட்டமிடல் போதாது, நிர்வாகம் சரியில்லை, தொழில்நுட்ப அறிவு இல்லாமல் இயந்திரம் வாங்கப்படுகிறது என்பது அதன் சாரம். அதே குழுவின் பரிந்துரையிலிருந்துதான் 1955இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. இன்றைக்கும் பாராளுமன்றத்தில் அரச நிறுவனங்களைப் பற்றி நடக்கிற வாதம் இதே வாதம்தான். எழுபது வருடமாக ஒரே பாட்டு.

ஆலை வந்தது, வாக்கு எங்கே போனது?

1952 தேர்தலில் காங்கேசன்துறைச் சனம் செல்வநாயகத்தைத் தோற்கடித்தது. வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன். ஆலை வந்து இரண்டு வருடம். ஆலைக்காகத்தான் அப்படி வாக்களித்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் கொழும்போடு சேர்ந்து போனால் ஊருக்கு ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு அடித்தளம் இருந்தது. புகைபோக்கி கண்ணுக்கு முன்னால் நின்றது.

நான்கு வருடத்தில் அந்த எண்ணம் நொறுங்கியது. 1953இல் ஜி. ஜி. அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காங்கேசன்துறை திரும்பவும் செல்வநாயகத்திடம் வந்தது. அதற்குப் பிறகு அவர் அங்கே தோற்கவேயில்லை.

ஏன் மொழிச் சட்டம் இவ்வளவு ஆழமாக வெட்டியது? "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்" என்ற எங்கட பழமொழியை யோசித்துப் பாருங்கள். ஆறில்லாத, வயல் குறைந்த குடாநாட்டின் பெரிய ஏற்றுமதி புகையிலை மட்டுமல்ல, படித்த பிள்ளைகளும்தான். அரச சேவை என்பது யாழ்ப்பாணத்துக்கு வெறும் பொதுச்சேவை அல்ல, வருமானம். மொழிச் சட்டம் அந்த வருமானத்தின் வாசலை மூடியது.

கோடீஸ்வரன் வழக்கு அதற்குச் சாட்சி. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத ஒரு தமிழ் அரச எழுதுவினைஞரின் சம்பள உயர்வு 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்றது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அது பிழை, வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற முக்கியமான கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி 1971இல் மூடப்பட்டது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு 1972 அரசியலமைப்போடு போனது.

செம்மண்ணின் பொற்காலம்

இனி வெங்காயத்துக்கு வருவோம். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்நியச் செலாவணி இல்லை. இறக்குமதிகள் இறுக்கப்பட்டன, செத்தல் மிளகாயும் வெங்காயமும் உட்பட. தெற்கில் அந்தக் காலத்தைப் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்றுதான் நினைவுகூர்வார்கள். வலிகாமத்துத் தோட்டக்காரரிடம் கேட்டால் வேறு கதை வரும். மிளகாயும் வெங்காயமும் பவுண் மாதிரி விற்ற காலம் அது. துலா இறைத்த கிணறுகளில் இயந்திரம் பூட்டப்பட்டது. ஓலை வீடுகள் கல்வீடுகளாக மாறின. படித்துவிட்டு வேலை கிடைக்காத பெடியள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். சிலர் வன்னிக்கு, முத்தையன்கட்டு, விசுவமடுப் பக்கம் போய்க் காடு வெட்டினார்கள்.

இங்கேதான் எங்களை யோசிக்கவைத்த இடம் இருக்கிறது. தோட்டக்காரருக்குக் காசு கொடுத்த அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. அதே அரசாங்கம்தான் 1972 அரசியலமைப்பையும் கொண்டுவந்தது. தகப்பனுக்கு வெங்காயத்தில் இலாபம், மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் கதவடைப்பு. ஒரே வீட்டில், ஒரே வருடத்தில்.

அந்த வீட்டின் முடிவு என்ன? 1972 ஒக்டோபரில் செல்வநாயகம், புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்டத் தன் ஆசனத்தை விட்டு விலகினார். இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6இல்தான் வைத்தது. அரசாங்கத்தின் ஆதரவோடு நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். செல்வநாயகம் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெங்காயம் விலைபோன காலத்தில், செம்மண் தோட்டங்கள் நிறைந்த தொகுதியில், வெங்காயத்துக்கு விலை கொடுத்த அரசாங்கத்துக்கு எதிராகச் சனம் வாக்களித்தது.

"சாப்பாடு கொடுத்தால் சனம் அரசியலை மறந்துவிடும்" என்று கொழும்பில் இன்றும் நினைப்பவர்களுக்கு இது ஒரு பழைய பதில். ஆனால் எங்கட பக்கத்துக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது.

1977க்குப் பிறகு

1977 ஜூலையில் ஜே. ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. காங்கேசன்துறையில் வென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் திறந்த பொருளாதாரத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தார். ரூபாயின் மதிப்பு இறங்கியது, இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. இறக்குமதிச் சாமானோடு போட்டி போடவேண்டி வந்தபோது மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர் அடிபட்டார்கள்.

நினைத்துப் பாருங்கள். நாட்டின் பொருளாதாரம் தலைகீழாகத் திரும்பிய நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் இருந்தவர் செம்மண் தொகுதியின் உறுப்பினர். ஆனால் அந்த வருடங்களில் அவர் எதைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது? 1977 ஓகஸ்ட் கலவரம். 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981இல் யாழ். நூலக எரிப்பு. அதே வருடம் ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் மீதே அரசாங்கம் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. உயிரைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வெங்காயத்தின் விலைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? 1983 ஓகஸ்டில் 6ஆம் திருத்தம் வந்தது. அதன்படி சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்து கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். அதோடு பேச ஆளே இல்லை.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொழும்பில் நடந்த பொருளாதார வாதங்களில் எங்கட தோட்டமும் ஆலையும் ஒரு தரப்பாக இருக்கவில்லை என்பதுதான் நாங்கள் சொல்லவருவது. பாதுகாப்புக் கொடுத்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. 1970இன் இறக்குமதித் தடை யாழ்ப்பாணத் தோட்டக்காரரை நினைத்துப் போட்டதல்ல, 1977இன் திறப்பும் அவர்களை அழிக்கவென்று செய்ததல்ல. இரண்டிலும் அவர்கள் கணக்கில் இல்லை. இனப்பாகுபாடு ஒரு அநீதி. முடிவெடுக்கும் மேசையில் இடமில்லாதது அதோடு பின்னிய இன்னொரு அநீதி.

ஆலையின் கதையும் இதோடு சேர்கிறது. தாழையூத்து எத்தனையோ போட்டிகளைக் கண்டு நின்றது. காங்கேசன்துறை போட்டியில் தோற்று மூடப்பட்ட ஆலை அல்ல. சண்டையில் நின்றது. சுற்றியிருந்த சனம் இடம்பெயர்ந்தது, ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின, இயந்திரங்கள் பெரும்பாலும் பழைய இரும்பாகப் போயின. அது ஓடியிருந்தால் இலாபத்தில் நின்றிருக்குமா என்ற கேள்விக்குச் சந்தை பதில் சொல்லச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

இனி

2015 ஜனவரியில் ரெயில் காங்கேசன்துறைக்குத் திரும்ப வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் கைத்தொழில் வலயங்கள் பற்றி அறிவிப்புகள் வருகின்றன. திரும்பவும் 'போட்டித்தன்மை', 'முதலீடு', 'தொழில்நுட்பம்' என்ற சொற்கள் பாராளுமன்றத்தில் கேட்கின்றன. நல்லது. ஆனால் மூன்று விடயங்களை எங்கட உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்கவேணும்.

முதலாவது தண்ணீர். சீமெந்துக்குத் தோண்டிய அதே சுண்ணாம்புக்கல்தான் எங்கட தண்ணீர்த் தொட்டி. மழைநீர் அதற்குள்தான் தேங்குகிறது, அதற்குக் கீழே உப்புநீர். 1950இல் கல்லை மூலப்பொருளாகப் பார்த்தார்கள். இனி எந்த வலயம் வந்தாலும் கிணற்றுக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி முதலில் வரவேணும்.

இரண்டாவது காணி. இடம்பெயர்ந்த சனத்தின் காணியை முழுதாக விடாமல் முதலீட்டாளருக்குக் காணி தேடுவது எந்த வகை அபிவிருத்தி?

மூன்றாவது விலை. 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்படி, வெங்காய இறக்குமதி வரியை நிதியமைச்சர் ஒரு வர்த்தமானியால் கூட்டலாம், குறைக்கலாம். அறுவடை நேரத்தில் அந்த ஒரு தாள் ஒரு போகத்தின் உழைப்பைத் தீர்மானிக்கும். பாராளுமன்றத்துக்கு அது பிறகுதான் வரும்.

தேர்தல் காலத்தில் தீர்வு பற்றிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேணும், 1975இல் எங்கட பேரன் பேத்திமார் கேட்டதும் அதைத்தான். அதோடு, "வெங்காய வரி மாறினபோது நீங்கள் சபையில் எழும்பினீங்களா?" என்றும் கேட்போம். ஹன்சாட் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது. எடுத்து வாசிப்போம்.