வன்னியில் விருந்தோம்பலும் உல்லாசப் பயணமும்: நந்திக்கடற் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உல்லாசப் பயணம் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் பயணியையே மையமாகக் கொண்டு அமைகின்றன. அவன் காண்பவை, அவன் செலவிடும் பணம், அவனுக்கு வேண்டிய வசதிகள் ஆகியனவே அவற்றின் பேசுபொருளாகும். வரவேற்கும் சமூகம் 'உள்ளூர் மக்கள்' என்ற பொதுப்பெயருள் அடங்கிவிடுகின்றது. அண்மைக் காலத்தில் வழங்கும் 'பொறுப்புள்ள சுற்றுலா' என்னும் கருத்து, பயணியும் வரவேற்போரும் ஒருங்கே பயன்பெறவேண்டும் என்று கூறுகின்றது. ஆயின், ஓரிடத்தில் வரவேற்பவர் யார், வரவேற்கும் தகுதியை அவருக்கு அளிப்பது எது என்னும் வினாக்கள் அதற்கு முற்பட்டவை. முல்லைத்தீவு மாவட்டத்து நந்திக்கடற் கரையின் வரலாறு இவ்வினாக்களைத் தெளிவாக எழுப்புகின்றது.

நந்திக்கடலின் மேற்குக் கரைப்பக்கத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயம் அமைந்துள்ளது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் இதுவென்பது ஐதிகம். வைகாசி விசாகத்தையொட்டித் திங்கட்கிழமையில் நிகழும் பொங்கலுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் கிழக்கிலங்கையிலிருந்தும் அடியார்கள் நெடுங்காலமாக வந்துள்ளனர். சிலாவத்தைக் கடலில் எடுக்கப்படும் தீர்த்தத்தைக் கொண்டு முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றுதல் இப்பொங்கலின் சிறப்புக் கிரியையாகும். கடற்கரையூர், வயலூர், ஆலயவூர் என அயற்கிராமங்கள் பலவும் ஒரே விழாவிற் பங்கேற்பதனை இங்கு காண்கிறோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிச் செல்லும் பாதயாத்திரிகரும் இக்கரையோரமாகவே சென்றனர். தண்ணீர்ப்பந்தலும் மடமும் அன்னதானமும் இப்பயணங்களைத் தாங்கி நின்றன.

இவ்வொழுங்கின் அடிப்படை யாது? வந்தவர் எப்போது வரலாம், எவ்வாறு ஒழுகவேண்டும், எதனைக் காணலாம் என்பவற்றை ஊர் வழக்கமே தீர்மானித்தது. வந்தவர் நேர்த்திக்கடனைத் தீர்த்தனர். ஊரவர் விளைபொருளை விற்றனர், உறவைப் புதுப்பித்தனர். இதனை இலட்சியமயப்படுத்துதல் தவறாகும். வட இலங்கையின் ஆலயங்களிலும் மடங்களிலும் சாதி ஏற்றத்தாழ்வு வேரூன்றியிருந்தமை நாமறிந்ததே. விருந்தோம்பல் எல்லாருக்கும் ஒரே வாசலைத் திறந்துவிடவில்லை. எனினும், நிலமும் நீரும் விழாவும் அங்கு வாழ்ந்தோரின் கையில் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1966 இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்ட பின்னர் வளர்ந்த துறை, தென்மேற்குக் கடற்கரையையும் மலையகத்தையும் பண்டைத் தலைநகரங்களையும் பெரிதும் சார்ந்திருந்தது. கிழக்கிற் பாசிக்குடாவும் நிலாவெளியும் அதிற் சேர்ந்தன. வன்னியோ குளங்களும் குடியேற்றத் திட்டங்களும் கொண்ட நெற்பிரதேசமாகவே கருதப்பட்டது. போர் தொடங்கிய பின்னர் அது பயணப்படத்திலிருந்தே மறைந்தது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஏ9 வீதி திறக்கப்பட்டபோது தென்னிலங்கையரும் புலம்பெயர்ந்தோரும் வன்னியினூடாக மீண்டும் பயணஞ்செய்தனர். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதுடன் அவ்விடைவெளி முடிவுற்றது.

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது வன்னி மக்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மனிக் பண்ணை முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து பேருந்துகளிற் பெருந்தொகையானோர் வந்தனர். கிளிநொச்சியில் வீழ்ந்துகிடந்த நீர்த்தாங்கி காட்சிப் பொருளாயிற்று. 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டிய யோர்தானியக் கப்பலும், புதுக்குடியிருப்புப் பகுதியிலிருந்த புலிகளின் தலைவரது நிலக்கீழ் இல்லமும் பார்வையிடங்களாயின. பின்னையது 2013 ஒக்டோபரில் இராணுவத்தினராலேயே தகர்க்கப்பட்டது. வீதியோரச் சிற்றுண்டிச்சாலைகள் பலவற்றை இராணுவம் நடத்தியது. நந்திக்கடலோரத்தில் விடுதியொன்றையும் அமைத்தது.

அதே கரையில், வற்றாப்பளைக்கு அயலிலுள்ளது கேப்பாப்புலவு. 2012 செப்டெம்பரில் மனிக் பண்ணை மூடப்பட்டபோது இறுதியாக வெளியேற்றப்பட்டோருள் இக்கிராமத்தவரும் அடங்குவர். அவர்களது காணிகளில் இராணுவ முகாம் இருந்தமையால் அவர்கள் சொந்த ஊருக்குச் செல்ல முடியவில்லை, வேறிடத்திற் குடியமர்த்தப்பட்டனர். 2017 சனவரி இறுதியில் அயலிலுள்ள பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வாயிலிற் குடும்பங்களாக அமர்ந்து போராடி, மார்ச்சுத் தொடக்கத்தில் தம் காணிகளைப் பெற்றனர். கேப்பாப்புலவுக் காணிகளில் ஒரு பகுதி அவ்வாண்டின் இறுதியில் விடுவிக்கப்பட்டது. ஒரே கடனீரேரியின் கரையில் வெளியூரவருக்கு அறை இருந்தது. ஊரவருக்கு வளவு இருக்கவில்லை. இம்முரண்பாட்டினை விருந்தோம்பற் குறைபாடாகக் கொள்ளுதல் போதாது. நிலத்துடைமையும் அதிகாரமும் பற்றிய பிரச்சினை இதுவாகும்.

இங்குப் பயணியைக் குற்றஞ்சாட்டுதல் எமது நோக்கமன்று. ஆர்வத்தால் வந்தோரும் துயரத்தோடு வந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆனால் அவர்கள் கண்டது ஒருவரால் ஒழுங்குசெய்யப்பட்ட காட்சியே. வெற்றியின் சின்னங்கள் வழியெங்கும் நின்றன; முள்ளிவாய்க்காலில் இறந்தோரை உறவினர் நினைவுகூர்வதோ பல ஆண்டுகள் தடைகளுக்குட்பட்டது. இவ்வாறு ஊரவர் வருவாயை இழந்தனர். பயணியோ ஊரவரின் சொல்லைக் கேட்கும் வாய்ப்பை இழந்தான். பொறுப்பற்ற சுற்றுலாவில் இருசாராரும் நட்டமடைகின்றனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

2002 இல், ஏ9 வீதி திறந்த அதே ஆண்டில், தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் வெளியான பிரகடனம், வாழ்வோருக்கு நல்ல இடமாக அமைவதே வருவோருக்கும் நல்ல இடமாக அமையும் என்னும் கருத்தை முன்வைத்தது. கேரளத்தின் குமரகத்தில் 2008 அளவில் இதனைச் செயற்படுத்த முனைந்தபோது, குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்குவதற்கு ஊராட்சி மன்றம் துணைநின்றது. அங்கு பயிரிட நிலமும், பேரம்பேச அமைப்பும், தலையிட அதிகாரமுள்ள மன்றமும் இருந்தமை நோக்கற்பாலது. விடுதிகளின் நல்லெண்ணம் மட்டும் அப்பயனை விளைவித்திராது.

எனவே வன்னியில் இருசாராருக்கும் பயன்தரும் சுற்றுலா என்பது கட்டடத்திலோ விளம்பரத்திலோ தொடங்குவதன்று. காணி உரியவரிடம் மீள்வதும், எதனைக் காட்டுவது, எதனைக் காட்டாது விடுவது என்பதனை ஊரவர் தீர்மானிப்பதும், பிரதேச சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் வருவாயிற் பங்குகொள்வதும் அதன் முன்நிபந்தனைகளாகும். பழைய ஒழுங்கின் சாதித் தடைகள் புதிய வடிவிற் திரும்பாமலும், 1977 வன்செயலின் பின் வன்னியிற் குடியேறிய மலையகத் தமிழர் போன்ற காணி குறைந்தோர் புறந்தள்ளப்படாமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். தன் வாசலிற் தானே நிற்கும் உரிமையுடையவனே பிறரை 'வாருங்கள்' என்று அழைக்க முடியும். அவ்வுரிமை இல்லாதவிடத்துப் பயணி எவ்வளவு நல்லவனாயினும் அவனை வரவேற்க எவரும் இல்லை.